ஒத்திகையில் சாத்திய கதவு

ஹல்துமுல்லைக்கு மேலே, பெரகல சந்தியில் நின்று பார்த்தால் மேகம் விலகும்போது மட்டும் தெரிகிற ஒரு தோட்டத்தின் மேல் பிரிவில், மேற்கணக்கில், யாகோப்பு வசிக்கிறார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஸ்டோர் என்று எல்லோரும் சொல்கிற தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர் என்பதுதான் தோட்டத்தில் அவருக்கு இருக்கும் பெயர். கொழுந்தை இந்தக் கனத்துக்குப் பரப்பு என்றால் அந்தக் கனத்துக்குத்தான் பரப்புவார். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வாசகம் வாசிக்கச் சொன்னால், சனிக்கிழமையே சத்தமாக வாசித்துப் பழகிவிடுவார். இதைப் பலர் மெச்சினார்கள். கஜேந்திரன் மட்டும் சிரிப்பான். அவன் மேல் லயத்து வரிசை வீடு ஒன்றில் கண் தெரியாத தாயோடு இருக்கிறவன். சம்பள நாளில் குடித்துவிட்டுப் பாடுகிறவன்.

"யாகோப்பண்ணே தும்முறதுன்னாலும் முன்னால ஒருக்கா தும்மிப் பாத்துட்டுத்தான் தும்முவாரு" என்பான்.

மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு, இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் மழையின் சத்தத்தை யாரும் பழையபடி கேட்டுக்கொண்டு படுப்பதில்லை. இந்த மேற்கணக்கிலும் கீழ் லயத்துக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டில் வெடிப்பு இருப்பதாகச் சொன்னார்கள். மழைமானி ஒன்று வந்தது. கம்பத்தில் ஒரு சைரன் வந்தது. அனர்த்தக் குழு என்று ஒன்றை அமைத்து, யாகோப்பை அதற்குத் தலைவராக்கினார்கள். வேறு யார் பெயரும் யாருக்கும் தோன்றவில்லை.

குழுத் தலைவர்களைப் பண்டாரவளைக்கு அழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி கொடுத்தவர் பதுளையைச் சேர்ந்த ஹிஷாம். ஒல்லியான மனிதர், பேசும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். ஒரு மண்டபத்தின் ஜன்னல்களையெல்லாம் கறுப்புச் சீலையால் மூடி, உள்ளே பலகைகளைச் சரிவாகப் போட்டு, அதன்மேல் சேற்றைப் பூசி வைத்திருந்தார். மேலேயிருந்து குழாய்த் தண்ணீர் கொட்டியது. ஒலிபெருக்கியில் கல் உருளும் சத்தம். அந்த இருட்டுக்குள் எங்கோ மணல் நிரப்பிய சாக்குப் பொம்மை ஒன்று கிடக்கும். அதைத் தேடிப் பிடித்து வெளியே இழுத்து வரவேண்டும். தோட்டத்துத் தலைமை எழுத்தர்களைப் போலக் கனமாகவும் அசையாமலும் இருந்ததால் பொம்மைக்குப் "பெரிய கிளாக்கர்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். "பெரிய கிளாக்கர் எங்க கெடக்காரு?" என்று இருட்டுக்குள்ளிருந்து யாராவது கேட்டால் வெளியே நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

யாகோப்பு சிரிக்கவில்லை. முழங்காலில் தவழ்ந்து போய், பொம்மையின் கக்கத்தில் கைகொடுத்து, சொன்ன முறைப்படி இழுத்து வந்தார். வெளிச்சத்துக்கு வந்ததும் அதன் முகத்தில் இருந்த சேற்றைத் துடைத்துவிட்டார். அதையும் ஹிஷாம் சொல்லியிருந்தார். மற்றவர்கள் மறந்துவிட்டார்கள்.

"பாத்துக்கங்க, இவர்தான் சரியா செஞ்சவர்" என்றார் ஹிஷாம். "பயம் வந்தா மூளை நின்னுடும். கை மட்டும்தான் வேலை செய்யும். கைக்கு எதைப் பழக்கியிருக்கமோ அதைத்தான் அது செய்யும். அதுக்குத்தான் இவ்வளவு நாடகமும்."

இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். ஒரு வீட்டில் எல்லோரும் வெளியேறிவிட்டால் கதவைச் சாத்தி, வெளியே கொண்டி போட்டு, கொண்டியில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிவிட வேண்டும். துணி இருந்தால் உள்ளே ஆள் இல்லை. மீட்புக்கு வருகிறவர்கள் அந்த வீட்டில் நேரம் செலவழிக்காமல் அடுத்ததற்குப் போவார்கள்.

யாகோப்பின் வீடு கீழ் லயத்தில் இருந்தது. காம்பரா என்கிற ஒரே அறை, பின்னால் சமைக்கத் தகரம் போட்ட குசினி. காம்பராவைப் பலகை வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். முன்பாதியில் யாகோப்பும் மனைவி மரியகொரட்டியும். பின்பாதியில் யாகோப்பின் தம்பி றொனி. கொழும்பில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு எதுவும் இல்லாமல் திரும்பி வந்தவன். அதற்கு முன் தோட்டத்துக் கரப்பந்தாட்டக் குழுவில் அவன் எகிறி அடிப்பதைப் பார்க்கவென்றே கீழ்க்கணக்கிலிருந்து ஆட்கள் வருவார்கள். இப்போது கட்டிலில் கிடந்து போனில் கிரிக்கெட் கேட்கிறான். சிறுநீர்க் குழாயும் அதன் பையும் கட்டில் ஓரத்தில் தொங்கும். மரியகொரட்டி காலையில் ஒரு தரமும் மாலையில் ஒரு தரமும் பையைக் காலி செய்வாள். முகம் சுளித்ததில்லை. ஆனால் வெளியாள் யாராவது வாசலுக்கு வந்தால் மூவருக்கும் பேச்சு நின்றுவிடும்.

முதல் ஒத்திகைக்கு முந்திய நாள் லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். பதுளையிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்று தோட்ட அலுவலகமான கந்தோரிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். பெரிய ஆட்கள் வரும் நாளில் என்ன செய்யவேண்டும் என்பதைத் தோட்டத்தில் யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. வெள்ளைக்காரத் துரைமார் குதிரையில் வந்த காலத்திலேயே பழகிய வழக்கம் அது. வாசல் கூட்டப்படும். லயத்துக் கோடியில் காயும் கந்தல் துணி உள்ளே போகும். குடித்துக் கிடப்பவர்களும் படுக்கையில் கிடப்பவர்களும் உள்ளே வைக்கப்பட்டு, கதவு சாத்தி வெளியே கொண்டி போடப்படும். வருகிறவர்கள் சுத்தமான லயத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

"றொனிய என்ன செய்யப் போறீங்க?" என்று மரியகொரட்டி கேட்டாள்.

"நாலு பேரு தூக்கணும். நம்ம ஆளுகளே கொஞ்சம் பேருதான். பதுள ஆளுக நிப்பாங்க, போட்டோ எடுப்பாங்க. பையும் கொழாயுமா அவன அந்தப் படியில கொண்டு போறதா?"

பலகைக்கு அந்தப் பக்கம் றொனி கேட்டுக்கொண்டுதான் இருந்தான். "மதினி, கதவச் சாத்திட்டுப் போங்க" என்றான். "மண்ணா வரப்போகுது, ஒத்திகதான?"

யாகோப்புக்கு அது நிம்மதியாக இருந்தது. பிறகு பல நாள் அவர் எண்ணிப் பார்த்தது இந்த நிம்மதியைத்தான்.

ஒத்திகை நன்றாகவே நடந்தது. சைரன் ஊதியதும் எல்லோரும் மாதா கோயில் மேட்டுக்கு ஏறினார்கள். காயப்பட்டவராக நடிப்பதற்கு அனுஷ்காவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த ஒல்லிப் பெண். தூக்குக் கட்டிலில் படுத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"புள்ள, நீ செத்துப்போன ஆளு. சிரிக்காத" என்றான் முன்னால் பிடித்துக்கொண்டு நடந்த கஜேந்திரன்.

"சாகலண்ணே. கால்தான் ஒடஞ்சிருக்கு."

"அப்ப அழு. எறக்கி விட்டுருவேன்."

மேட்டில் ஹிஷாம் நின்றார். பக்கத்தில் தொப்பி போட்ட அதிகாரிகள். "நடக்க ஏலாதவங்க, படுக்கையில இருக்கிறவங்க யாரும் லயத்துல மிச்சம் இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க சேர். எல்லாரும் வந்தாச்சு" என்றார் யாகோப்பு. கஜேந்திரன் தரையைப் பார்த்தான். அவன் தாயும் ஒரு கதவுக்குப் பின்னால்தான் இருந்தாள். அதிகாரிகள் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து கொண்டியை எடுத்ததும் றொனி கேட்டான், "எப்படிண்ணே, பாஸா?"

"பாஸ்."

"தூக்குக் கட்டில்ல யாரப் போட்டீங்க?"

"அனுஷ்காவ."

"அதான பாத்தேன். என்னயப் போட்டிருந்தா ஃபெயிலு." றொனி சிரித்தான். யாகோப்பும் சேர்ந்து சிரித்தார்.

அடுத்த ஒத்திகையில் இதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. சைரன் ஊதினால் யாகோப்பு விசிலோடு லயம் முழுக்க ஓடுவார். கதவைத் தட்டுவார், ஆட்களை அனுப்புவார், கொண்டி போடுவார், பையிலிருந்து துணி எடுத்துக் கட்டுவார். தன் வீட்டு வாசலிலும் அதையே செய்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போவார். துணிகளை ஒரு பழைய வேட்டியைக் கிழித்து அவரே ஒரே அளவில் வைத்திருந்தார்.

ஐப்பசி மழை வந்தது. விடாமல் பெய்து, ஒரு நாள் மத்தியானம் கொஞ்சம் தணிந்தபோது பெண்களை மலைக்கு அனுப்பினார்கள். மரியகொரட்டியும் கொழுந்தெடுக்கப் போனாள். அவர்கள் போய் வெகுநேரம் ஆகவில்லை, மறுபடி கொட்டத் தொடங்கியது. யாகோப்பு ஸ்டோர் மாடியில் இருந்தார். சைரன் ஊதியது.

அவர் ஓடினார். மூளை நின்றுபோனதா என்றால் அப்படியும் இல்லை. எல்லாம் அவருக்குத் தெளிவாகவே இருந்தது. கீழ் லயத்தின் முதல் வாசல், தட்டினார், வெளியே வந்தார்கள், கொண்டி, துணி. அடுத்த வாசல். யாரோ கோழிக் கூடையைத் தூக்கினார்கள், "விடு, விடு" என்று கத்தினார். கொண்டி, துணி. தன் வாசலுக்கு வந்தார். கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. இழுத்துச் சாத்தினார். கொண்டி போட்டார். துணியை இரண்டு முடிச்சாகக் கட்டினார். தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை என்றுதான் அவர் நினைக்கிறார். அடுத்த வாசலுக்கு ஓடினார்.

மாதா கோயிலுக்குள் எல்லோரும் நெருங்கி நின்றார்கள். ஹிஷாமிடமிருந்து போன் வந்தது. "எல்லாரும் வந்துட்டாங்களா?"

"லயத்துல இருந்த எல்லாரும் வந்தாச்சு சேர்."

போனை மடக்கியபோது அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கோயில் சுவரோரம் கஜேந்திரன் உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் தாய், தலையிலிருந்து கால்வரை கம்பளியால் சுற்றப்பட்டு, விரலால் அவன் முகத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். ஒத்திகையில் இல்லாத ஒன்றைக் கண்டதுபோல யாகோப்புக்கு ஒரு கணம் எரிச்சல் வந்தது. அந்த எரிச்சல் எதனால் என்று யோசிப்பதற்குள் கொழுந்துக் கூடையோடு பெண்கள் ஓடி வந்தார்கள். மரியகொரட்டி கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"றொனி எங்க?"

யாகோப்பு திரும்பிக் கோயிலின் மூலையைப் பார்த்தார். யாரோ கொண்டுவந்து கிடத்தியிருப்பார்கள் என்பதுபோல.

"ஏங்க, றொனி எங்க?"

அவர் படியில் இறங்கி ஓடியதை எல்லோரும் பார்த்தார்கள். தாயைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டுக் கஜேந்திரனும் பின்னால் ஓடினான்.

முன்னால் நின்று பார்த்தால் கீழ் லயத்தில் எதுவும் நடந்த மாதிரியே தெரியவில்லை. கதவுகளில் வெள்ளைத் துணி வரிசையாக நனைந்து தொங்கியது. ஆனால் லயத்துக்குப் பின்னால் மண்மேடு இறங்கிவிட்டது. குசினிச் சுவர்களின்மேல் அது சாய்ந்து நின்றது. யாகோப்பின் வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. கூப்பிடும் குரல் இல்லை. அலுமினியத் தட்டால் கதவில் தட்டும் சத்தம், விட்டு விட்டு.

முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது. யாகோப்பு நகத்தால் இழுத்தார், பல்லால் கடித்தார். வரவில்லை. "தள்ளுண்ணே" என்று கஜேந்திரன் அவரைத் தோளால் நகர்த்தி, கொண்டியைப் பலகையோடு பிய்த்தெடுத்தான்.

கதவுக்கு மறுபக்கம் றொனி தரையில் கிடந்தான். கட்டிலிலிருந்து புரண்டு விழுந்து, கைகளால் இழுத்து இழுத்து அதுவரை வந்திருந்தான். கால்கள் பின்னால் சேற்றுக்குள் கிடந்தன. குழாய் பிய்ந்து இரத்தம் ஒழுகியது. அண்ணனைப் பார்த்துவிட்டுத் தட்டைக் கீழே விட்டான். யாகோப்பு கக்கத்தில் கைகொடுக்கக் குனிந்தார். சேற்றில் பிடி நழுவியது. கஜேந்திரன்தான் அவனை முதுகில் ஏற்றிக்கொண்டான். அவர்கள் படியில் பாதி ஏறியபோது கீழே குசினிச் சுவர் விழுந்தது.

ஹல்துமுல்லை ஆஸ்பத்திரியில் புதுக் குழாய் போட்டு அனுப்பினார்கள். கீழ் லயத்து ஆட்களைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். அங்கே ஒரு கதை பரவியது. தம்பியைக் காப்பாற்ற யாகோப்பு சரிகிற மண்ணுக்குள் திரும்பி ஓடினார் என்று. கீழ்க்கணக்கிலிருந்து வந்தவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பாதர் பூசையில் அவர் பேரைச் சொல்லி நன்றி கூறினார். யாகோப்பு பீடத்தைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். மரியகொரட்டி அவரிடம் சாப்பிடச் சொல்வதோடு சரி.

மழை விட்ட பிறகு ஹிஷாம் வந்தார். பள்ளிக்கூட மண்டபத்தில் எல்லோரையும் கூட்டி, எது சரியாக நடந்தது, எது பிழையாகப் போனது என்று கேட்டார். ஓரத்தில் மெத்தையில் றொனியும் இருந்தான்.

"யாகோப்பு வீட்டுக் கதவுல துணி கட்டியிருந்திச்சு என்று சொன்னாங்க. ஆள் உள்ளுக்கு இருந்திருக்கார். அது எப்படி?"

எப்படி என்று தெரியாதவர் அங்கே ஹிஷாம் ஒருவர்தான்.

"காத்துல கதவு சாத்திக்கிச்சுங்க சேர்" என்றான் றொனி.

ஹிஷாம் தலையாட்டிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தார். யாகோப்பு எழுந்து நின்றார். வாசகம் வாசிக்கிற குரல் வரவில்லை.

"காத்து கொண்டி போடாதுங்க சேர். நான்தான் சாத்துனேன். ஒவ்வொரு ஒத்திகையிலயும் அவன உள்ள வச்சுத்தான் சாத்துனேன். படுக்கையில யாரும் இருக்காங்களான்னு நீங்க கேட்டீங்க. இல்லன்னேன். அன்னிக்கும் கை அதையேதான் செஞ்சிச்சு."

ஹிஷாம் பின்னால் கட்டியிருந்த கைகளை எடுத்தார். "சாத்தின கதவு ஒண்டையாவது நான் தட்டிப் பாத்திருக்கணும்" என்றார். "பாக்கல்ல."

"எங்க ஆத்தாளையும் அப்படித்தான் வச்சேன் சேர்" என்றான் கஜேந்திரன்.

"நீ அன்னிக்குத் தூக்கிட்டு வந்தியே" என்றார் யாகோப்பு.

"நான் எங்கே அண்ணே ஒத்திகையில ஒழுங்கா நின்னேன்?" அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. ஆனாலும் பின்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

சொல்லிவிட்டால் குறையும் என்று யாகோப்பு நம்பியிருந்தார். கூட்டம் கலைந்ததும் றொனி அவரைக் கூப்பிட்டான்.

"எதுக்குச் சொன்ன?"

"ஒன்னய வச்சுப் பொய் சொல்ல..."

"நான் ஒனக்காகவா காத்துன்னேன்? அண்ணன் மறந்துட்டுப் போயிட்டான்னு நாலு பேருக்குத் தெரியறது எனக்கு அசிங்கம். இப்ப பதுள வரைக்கும் தெரியும். ஒனக்குப் பாரம் எறங்கிருச்சு."

"எறங்கல றொனி."

"நீ சாத்துனப்ப கூப்பிட்டேன்."

"எனக்குக் கேக்கல."

"கேக்கலன்னே வச்சுக்க" என்று றொனி போனைக் கையில் எடுத்துக்கொண்டான்.

கீழ் லயத்தாருக்கு மேல் லயத்துக்குப் பக்கத்தில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பழைய பிள்ளை மடுவத்தைத் தடுத்து அறைகள் கொடுத்தார்கள். அங்கே முதல் ஒத்திகைக்கு நாள் குறித்ததும், இந்தத் தரம் படுக்கையில் இருப்பவர்களைத்தான் முதலில் தூக்க வேண்டும் என்று ஹிஷாம் சொல்லிவிட்டார். யாகோப்பு தம்பியிடம் போய் நின்றார்.

"நீ வரணும். நானே தூக்குறேன்."

"ஒன் வெக்கத்தக் கழுவ என் முதுகுதான் கெடச்சிச்சா?"

யாகோப்பு போகவில்லை. றொனி கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "வாரேன். எனக்கும் உசிரு வேணும். ஆனா நீ தூக்காத. கஜேந்தி முன்னால புடிக்கட்டும். நீ பையப் புடிச்சுக்கிட்டுக் கூட வா. துணி போட்டு மூடாம."

ஒத்திகை மோசமாக நடந்தது. தூக்குக் கட்டில் வாசலில் திரும்பவில்லை. மூன்று தரம் சாய்த்துப் பார்த்து, நிலையில் இடித்து, றொனியின் முழங்கை உரசி, அவன் கெட்ட வார்த்தையில் திட்டினான். தொப்பி போட்ட அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியே வந்தபோது கோடியில் நின்ற பெண்கள் சிலர் முகத்தைத் திருப்பினார்கள், சிலர் திருப்பவில்லை. யாகோப்பு கட்டிலை ஒட்டி நடந்தார். வலது கையில் அந்தப் பை, பாதி நிறைந்து, மஞ்சளாக. எல்லோருக்கும் தெரியட்டும் என்றோ என்னவோ அதை நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"கீழ எறக்குண்ணே" என்றான் றொனி, அவரைப் பார்க்காமல். "ஒசத்திப் புடிச்சா மூத்திரம் திரும்பி உள்ள ஏறும். மதினி இத்தன நாளும் கீழ வச்சுத்தான செய்யுது, ஒருக்காலும் பாத்ததில்லையா?"

பார்த்ததில்லை. யாகோப்பு கையைக் கட்டிலுக்குக் கீழே இறக்கினார். அப்படிப் பிடிப்பதற்கு இடுப்பை வளைத்து நடக்க வேண்டியிருந்தது. படியில் அந்த நடை இன்னும் கடினம். குனிந்தபடியே, கட்டிலின் வேகத்துக்குத் தன் காலைப் பொருத்திக்கொண்டு, மேடுவரை அவர் கூட ஏறினார்.